கெல்லர் பெண்ட் சமநிலை அடைந்த வரலாறு

கெல்லர் பெண்ட் நகரத்தில் கறுப்பர்கள் கார் ஓட்டினால் போலீஸ் நிறுத்தும் என்பது ஆற்றின் தென்கரையில், கறுப்பர்கள் பக்கம், பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். வெள்ளையர்கள் வாழும் வடகரைக்கு அது தெரியாது. அதனால் வடகரைக்காரர்கள் கெட்டவர்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவர்களிடம் எண் இல்லை, அவ்வளவுதான். எங்கள் ஊரில் எண் இல்லாத துன்பம் துன்பமாகாது. வயிற்றுவலி என்று டாக்டரிடம் போனால்கூட, பத்துக்கு எவ்வளவு வலிக்கிறது என்றுதான் முதலில் கேட்பார்.

இப்படி இருக்கையில் ஒரு பிப்ரவரி மாதம் எண் வந்து சேர்ந்தது. போலீஸ் இலாகா தன் ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கத்தில், அவ்வளவு தூரம் எவரும் படிக்கமாட்டார்கள் என்ற நியாயமான நம்பிக்கையில், ஒரு வரியை அச்சிட்டிருந்தது. ஒரு வெள்ளையர் நிறுத்தப்படும்போது மூன்று கறுப்பர்கள் நிறுத்தப்படுகிறார்களாம். ஊரில் பாதிப்பேர் வெள்ளையர், பாதிப்பேர் கறுப்பர். எனவே கணக்கில் கோட்டை விட்டவர்களுக்கும் இந்தக் கணக்கு விளங்கியது.

வடகரை அதிர்ச்சி அடைந்தது. வடகரை அதிர்ச்சி அடைந்ததைப் பார்த்துத் தென்கரை அதிர்ச்சி அடைந்தது. மேயர் அம்மையார் இரு கரைகளின் அதிர்ச்சியையும் சமமாகக் கருத்தில் கொண்டு, ‘கெல்லர் பெண்ட் மாநகர வாகன நிறுத்தச் சமநிலை ஆய்வு மற்றும் பரிந்துரை ஆணையம்’ ஒன்றை அமைத்து உத்தரவிட்டார்.

ஆணையத்துக்கு ஒரு கறுப்பர் தேவைப்பட்டார். புள்ளியியல் தெரிந்தவர் ஒருவரும் தேவைப்பட்டார். ரோஸ்கோ பெட்டிவேயைப் போட்டால் ஒரு நாற்காலி மிச்சம் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். தென்கரைக் கல்லூரியில் இருபது வருஷமாகப் புள்ளியியல் நடத்துகிறவர் ரோஸ்கோ. அவரையும் போலீஸ் நிறுத்தியிருக்கிறது, எத்தனையோ தடவை. ஆனால் அதைப் பற்றி அவர் வகுப்பில் வாய் திறந்ததில்லை. ஒரு ஆளின் அனுபவத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது, அந்த ஆள் தானாகவே இருந்தாலும் கூடாது என்பது அவர் கொள்கை. நியமனக் கடிதம் வந்த அன்று அவர் கண்ணாடி முன்னால் நின்று டையைச் சரிசெய்துகொண்டதைப் பார்த்து மனைவி யோலண்டா சிரித்தாள்.

"ஒரு நாற்காலி மிச்சம்னு போட்டிருக்காங்க. உனக்கு அது புரியுதா ரோஸ்கோ?"

"கடைசியில ஒரு கணக்குத் தெரிஞ்ச ஆளைக் கேட்டிருக்காங்க யோலண்டா. அதைப் பாரு."

அவர் சந்தோஷத்துக்கு இன்னொரு காரணம் இருந்தது. மகள் கியேரா. வயது பதினேழு. சமீபத்தில் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். காலமான அத்தை விட்டுப்போன பழைய ப்யூக் கார் வீட்டு வாசலில் நின்றது. அதன் சாவி ரோஸ்கோவின் சட்டைப்பையில் இருந்தது, தூங்கும்போதும்.

தென்கரை வீடுகளில் பிள்ளைகளுக்கு வண்டி ஓட்டக் கற்றுத்தருவதற்கு முன்னால் வண்டி நிறுத்தப்படுவதற்குக் கற்றுத்தருவார்கள். ரோஸ்கோ வீட்டிலும் அது சனிக்கிழமைதோறும் நடந்தது. கியேரா சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொள்வாள். ரோஸ்கோ குளிர்பெட்டிக்குப் பின்னாலிருந்து டார்ச் விளக்கோடு வருவார்.

"எதுக்கு நிறுத்தினேன்னு தெரியுமா?"

"தெரியலை ஆபீசர்."

"குரல்ல கேள்வி வருது பாரு. எடு அதை."

"தெரியலை ஆபீசர்."

"இப்ப ஒண்ணுமே இல்லாம போச்சு. திமிருன்னு நினைப்பான்."

"கேள்வியும் இருக்கக் கூடாது, காலியாவும் இருக்கக் கூடாதுன்னா அப்புறம் எப்படிப்பா பேசுறது?"

"என்னை மாதிரி."

"உங்களைப் போன மாசம்தானே நிறுத்தினாங்க?"

"நிறுத்தினாங்க. வீட்டுக்கு வந்துட்டேன் இல்ல?"

அந்தப் பாடத்தில் அதற்கு மேல் மதிப்பெண் கிடையாது. வீட்டுக்கு வந்துசேர்ந்தால் தேர்ச்சி. வந்துசேராத பிள்ளைகளைத் தென்கரை கண்டிருக்கிறது, ரோஸ்கோவும் அப்படி ஒரு சவப்பெட்டியின் ஓரத்தைத் தோளில் சுமந்திருக்கிறார். மகளை அந்தக் காரில் தனியாக அனுப்ப அவருக்குப் பயம். இதைச் சொல்ல வெட்கப்பட்டு எண்களைப் பற்றிப் பேசுவார்.

ஆணையத்தின் முதல் கூட்டம் முடிந்ததும் ஒரு பத்திரிகைக்காரர் மைக்கை நீட்டினார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ரோஸ்கோ கெட்டார்.

"அந்த மூணு ஒண்ணா ஆகிற வரைக்கும் என் பொண்ணு கையில கார் சாவியைத் தரமாட்டேன். ஒண்ணா ஆன அன்னைக்கு நானே தருவேன்."

மறுநாள் அது முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வந்தது. கியேரா அதை வெட்டிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள்.

"நாடறிஞ்ச வாக்குறுதிப்பா. பார்த்துக்கோங்க."

இனி ஆணையம். அது எலுமிச்சைக் கேக்குடனும் காபியுடனும் செவ்வாய்க்கிழமைகளில் கூடியது. வந்தவர் ஒவ்வொருவரும் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே ஒரு முடிவையும், அதற்குத் தோதான புள்ளிவிவரத்தையும் கையோடு கொண்டுவந்தார்கள். ரோஸ்கோவைத் தவிர இருவர் மட்டும் அதிகம் பேசினார்கள் என்று குறிப்பேடு சொல்கிறது. ஒருவர் வடகரையில் இரும்புக்கடை வைத்திருக்கும் கார்ல் டிட்மர். இன்னொருவர் வடகரையில் வசதியானவர்கள் குடியிருக்கும் மேப்பிள் குன்றில் வசிக்கும் மெரெடித் ஆல்ஸ்டன் என்ற அம்மையார், நல்ல காரியம் எது நடந்தாலும் அதில் முன்வரிசையில் இருப்பவர்.

டிட்மர் மேசையில் தாளைத் தட்டினார்.

"குற்றக் கணக்கைப் பாருங்க புரொபசர். கைதானவங்க எங்க ஜாஸ்தி? தென்கரையில. அப்ப போலீஸ் எங்க போகும்?"

"போலீஸ் அங்க போனதாலதான் அங்க கைதானாங்க, டிட்மர். தூண்டிலை எப்பவும் தென்கரையிலயே போட்டுட்டு வடகரையில மீனே கிடையாதுன்னா எப்படி?"

"வடகரையில மீன் கிடையாதுன்னு எங்களுக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"இதுவரைக்கும் யாரும் பிடிபடலையே."

மெரெடித் அம்மையார் இருவரையும் கருணையோடு பார்த்தார். "எண்களைப் பத்தி விவாதிக்கிறதுக்கு முன்னாடி, இந்த எண்கள் நமக்குள்ள என்ன உணர்வை எழுப்புதுன்னு ஒரு சுற்றுப் பேசலாமா?"

ஒரு சுற்றுப் பேசினார்கள். பெரும்பாலானோருக்குக் கனமான உணர்வு எழுந்திருந்தது. டிட்மருக்குப் பசி எழுந்திருந்தது. ரோஸ்கோ தன் முறை வந்ததும், வகுக்கும் எண் சரியாக இல்லாதவரை எந்த உணர்வுக்கும் வருவதற்கில்லை என்றார். அதைச் சொன்ன பிறகுதான் ஆணையத்துக்கு வகுக்கும் எண் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. அதோடு மார்ச் மாதம் போயிற்று.

எதால் வகுப்பது? ஊரில் வாழ்பவர்களாலா? அவர்களில் குழந்தைகள் ஓட்டுவதில்லை. லைசென்ஸ் வைத்திருப்பவர்களாலா? பலர் லைசென்ஸை வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகிறார்கள். ஓட்டிய மைல்களாலா? மோசமாக ஓட்டிய மைல்களாலா? ரோஸ்கோவுக்கு இதெல்லாம் கரும்பு. ஒரு செவ்வாய் ஒன்றரை மணி நேரம் பேசினார். டிட்மர் குறட்டை விட்டார். அது தன் வாதத்துக்கு எதிர்ப்பில்லை என்பதன் அறிகுறியென்று ரோஸ்கோ எடுத்துக்கொண்டார்.

பிறகு டிட்மர், போலீஸ்காரர்களுக்கு ஓடும் காரில் ஓட்டுகிறவரின் நிறமே தெரியாது என்று ஒரு வாதத்தைக் கிளப்பினார். அதைச் சோதிக்க நால்வர் கொண்ட துணைக்குழு ஒன்று அந்திநேரத்தில் ஆற்றுப்பாலத்தில் நின்று, போகும் கார்களைப் பார்த்துக் குறித்துக்கொண்டது. கால்மணி நேரத்தில் போலீஸ் கார் ஒன்று வந்து நின்றது. பாலத்தில் சந்தேகத்துக்குரிய ஒருவர் நிற்பதாகத் தகவலாம். நால்வரில் அந்த ஒருவர் யார் என்பதைப் போலீஸ்காரர் தாமாகவே கண்டுபிடித்து, ரோஸ்கோவின் கைகளைக் கைப்பிடிச்சுவர் மேல் வைக்கச் சொன்னார். டிட்மர் பாவம், நல்ல மனிதர், அவரே முன்னால் வந்து சாட்சி சொன்னார்.

"ஆபீசர், இவர் எங்க ஆளு. உங்களால நிறம் பார்க்க முடியாதுங்கிறதைத்தான் சோதிச்சுக்கிட்டிருக்கோம்."

ரோஸ்கோ வீட்டுக்குப் போய் அந்த நிகழ்ச்சியை ‘மாதிரி எடுப்பதில் ஏற்பட்ட தடங்கல்’ என்று அறிக்கையில் எழுதினார். அந்த வரியை மூன்று தடவை அடித்து எழுதினார். யோலண்டா அதைப் பார்த்தாள், தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

கடைசியில் விதிகள் எழுதப்பட்டன. எழுதியவர் ரோஸ்கோ. போலீஸ் காரின் சுழல்விளக்கைப் போட்ட மாத்திரத்தில் டேப்லெட்டில் பதிவு தானாகத் திறந்துகொள்ளும், நிரப்பாமல் மூட முடியாது. ஓட்டுகிறவரின் இனம் என்ற கட்டத்தில், அவர் உண்மையில் யார் என்று கேட்கக் கூடாது. போலீஸ்காரர் கண்ணுக்கு எப்படித் தோன்றுகிறார் என்பதைத்தான் எழுத வேண்டும். பாரபட்சம் குடியிருப்பது பார்க்கிறவன் கண்ணில் அல்லவா. இதை ரோஸ்கோ விளக்கியபோது மெரெடித் அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விதி நன்றாகத்தான் இருந்தது. எண் மட்டும் அசையவில்லை. கோடை வந்தது. மூன்று மூன்றாகவே இருந்தது.

அப்போதுதான் போலீஸ் தலைவர் ப்ரென்னமன் ஆணையத்தின் முன் தோன்றினார். அமைதியான மனிதர். எலுமிச்சைக் கேக்கை இரண்டாக வெட்டி, ஒரு துண்டை இடப்பக்கமும் ஒரு துண்டை வலப்பக்கமும் வைத்தார்.

"இவ்வளவு நாளா எல்லாரும் இந்தப் பக்கத்தையே பார்த்துக்கிட்டிருக்கீங்க. விகிதத்துக்கு ரெண்டு பக்கம் இருக்கு. கறுப்பர்களை நிறுத்துறதைக் குறைச்சா பொதுமக்கள் பாதுகாப்பு என்னாகும்னு டிட்மர் கேட்பார்."

"கேட்பேன்" என்றார் டிட்மர்.

"அதனால அதைக் குறைக்க வேண்டாம். வெள்ளையர்களை நிறுத்துறதைக் கூட்டிடுவோம். மூணு பேருக்கு மூணு பேர்."

எல்லோரும் ரோஸ்கோவைப் பார்த்தார்கள். அவருக்கு எங்கேயோ இடித்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிறதோ என்று தோன்றியது. ஆனால் மூன்றை மூன்றால் வகுத்தால் ஒன்று. இதை மறுக்க அவர் படித்த படிப்பில் இடம் இல்லை.

"கணக்குப்படி..." என்று ஆரம்பித்தார்.

"சரியா, தப்பா புரொபசர்?"

"கணக்குப்படி சரிதான்."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

வடகரை முதல் வாரம் கொதித்தது. பல் டாக்டர்களும் வக்கீல்களும் சாலையோரம் நின்றார்கள். இரண்டாவது வாரம் மெரெடித் அம்மையாரை நிறுத்தினார்கள். அவர் அதை அடுத்த கூட்டத்தில் நாற்பது நிமிஷம் சாட்சியமாக வழங்கினார். சுழல்விளக்கு, இதயத்துடிப்பு, போலீஸ்காரர் நீட்டிய புதினா மிட்டாய், எல்லாம் சொன்னார். "அந்த ரெண்டு நிமிஷத்துல முந்நூறு வருஷ சரித்திரம் எனக்குப் புரிஞ்சுபோச்சு" என்றார். அன்று முதல் காற்று திசை மாறிற்று.

நிறுத்தப்படுவது மேப்பிள் குன்றில் கௌரவமானது. கார்களின் பின்புறம் ‘நானும் நிறுத்தப்பட்டேன்’ என்று ஒட்டுவில்லைகள் முளைத்தன. இரண்டு தடவை நிறுத்தப்பட்டவர்கள் ஒரு தடவை நிறுத்தப்பட்டவர்களோடு விருந்துகளில் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தார்கள். எவ்வளவு சுற்றியும் நிறுத்தப்படாதவர்கள் கராஜுக்குப் போய், சுத்தியலால் தங்கள் பின்விளக்கைத் தாங்களே உடைத்துக்கொண்டார்கள். டிட்மர் கடையில் சுத்தியல் விற்பனை உயர்ந்தது, பின்விளக்கு விற்பனையும் உயர்ந்தது. பாரபட்சம் என்று ஒன்று இருப்பதை அவர் அந்த மாதம் ஒப்புக்கொண்டார்.

பயிலரங்குகள் தொடங்கின. நிறுத்தப்படும்போது கைகளை எங்கே வைப்பது, மூச்சை எப்படி விடுவது என்று கற்றுத்தர ஆள் தேவைப்பட்டது. மெரெடித் அம்மையாருக்கு உடனே ஒரு பெயர் நினைவுக்கு வந்தது. ஆக, கியேரா சனிக்கிழமைகளில் பஸ் ஏறி மேப்பிள் குன்றுக்குப் போய், யோகா விரிப்பில் உட்கார்ந்திருந்த அம்மையார்களின் கையில் தட்டுகளைக் கொடுத்து, டார்ச் விளக்கோடு சுற்றி வந்தாள்.

"குரல்ல கேள்வி வருது மேடம். எடுங்க அதை."

"அற்புதமா இருக்கு கண்ணு. இதை எங்க கத்துக்கிட்டே?"

"சமையலறையில."

"இவங்க மக்களோட வாய்மொழி மரபு" என்று மெரெடித் அம்மையார் மற்றவர்களுக்கு விளக்கினார். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். கியேரா மறுபடி பஸ் ஏறி வீட்டுக்கு வந்தாள்.

வந்தவள் அப்பாவைக் கேட்டாள். "அங்க நிறுத்தினா மிட்டாய் தர்றாங்களாம்பா. நம்ம பக்கம் காரை விட்டு இறக்கி, டிக்கியைத் திறந்து, உள்ள இருக்கிறதெல்லாம் ரோட்ல பரப்புறாங்க. ரெண்டும் ஒண்ணா?"

"ஆணையம் எண்ணிக்கையைத்தான் பார்க்குது. தரம் வேற. அதுக்குத் தனி ஆணையம் வேணும்."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நான் ஆணையத்துல இருக்கேன் கண்ணு."

யோலண்டா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள். "ஏட்டுச் சுரைக்காயை வெட்டிக் குழம்பு வைக்கச் சொல்லு உங்கப்பாவை. சாப்பிட்டுப் பார்ப்போம்."

ரோஸ்கோவுக்குச் சுருக்கென்றது. ஆனால் மாதாமாதம் எண் இறங்கிவந்தது. இரண்டரை, இரண்டு, ஒன்றரை. அவரும் அதைப் பார்த்துப் பார்த்து, ஒரு நாளைக்கு நாலு தடவை பார்த்து, சோறு தண்ணீரை மறந்தார். இருபது வருஷம் கரும்பலகையில் போட்ட கணக்கு ஊரில் நடக்கிறது. எந்த வாத்தியாருக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்?

செப்டம்பர் மாதக் கணக்கு ஒன்று என்று முடியப்போவது உறுதியானது. தேசிய அளவில் ஏதோ ஒரு சங்கம் கெல்லர் பெண்ட் நகரத்துக்குப் பித்தளைக் கேடயம் அறிவித்தது. மாதத்தின் கடைசி நாள் பிற்பகல், மேப்பிள் குன்றின் மேலுள்ள கலை அரங்கில் விழா. ‘ஒன்றுக்கு ஒன்று’ என்று கேடயத்தில் பொறித்தாகிவிட்டது. பெற்றுக்கொள்பவர் ரோஸ்கோ பெட்டிவே.

அன்று மதியம் அவர் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, கியேரா ப்யூக் பக்கத்தில் நின்றிருந்தாள். கையை நீட்டினாள். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த வாக்குறுதியே பேசிற்று.

ரோஸ்கோ சட்டைப்பையைத் தொட்டார். எண் சரி. விகிதம் சரி. தன் கையால் சரிபார்த்தது. அந்த எண்ணை மேயர் நம்புகிறார், பத்திரிகை நம்புகிறது, தேசிய சங்கம் நம்பிப் பித்தளை செலவழித்திருக்கிறது. நம்பாத ஒரே ஆள் தான்தான் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"நானும் கூட வர்றேன் இல்ல, அதனால பயமில்லை" என்று சாவியைக் கொடுத்தார்.

"உங்களுக்கா, எனக்கா?"

கியேரா நன்றாக ஓட்டினாள். வேக எல்லைக்குச் சற்றுக் கீழேயே போனாள், திருப்பத்துக்குத் திருப்பம் விளக்குப் போட்டாள். பாலம் தாண்டி மேப்பிள் குன்று ஏற ஆரம்பித்ததும் பின்னால் சுழல்விளக்கு எரிந்தது.

கார் ஓரம்கட்டி நின்றது. இஞ்சின் அணைந்தது. கண்ணாடி இறங்கியது. கியேராவின் கைகள் ஸ்டியரிங் மேல் போய் உட்கார்ந்தன. ரோஸ்கோவின் கைகள் முன்பலகை மேல் போயின.

இளம் போலீஸ்காரர் குனிந்து பார்த்தார். லுபின்ஸ்கி என்று சட்டையில் பெயர். பார்த்ததும் முகம் வெளிறியது.

"ஐயோ. நீங்களா சார்?"

"எதுக்கு ஆபீசர் நிறுத்தினீங்க?" கேள்வியும் இல்லாமல், காலியாகவும் இல்லாமல் கேட்டார் ரோஸ்கோ.

"மன்னிச்சுக்கோங்க சார். பழைய கார், குன்று மேல ஏறுச்சு. கை தானா விளக்கைப் போட்டுடுச்சு. போட்டதும் இது திறந்துக்கிச்சு." டேப்லெட்டைக் காட்டினார். "நிரப்பாம மூட முடியாது. உங்க விதிதான் சார்."

"சரி, நிரப்புங்க. கறுப்பினப் பெண்."

லுபின்ஸ்கி தயங்கினார். "அங்கதான் சார் சிக்கல். இன்னைக்கு மாசக் கடைசி. ரெண்டு பக்கமும் சரியாகணும்னா வெள்ளைப் பக்கம் ஒண்ணு குறையுது. காலையிலேர்ந்து தேடுறேன், ஒருத்தரும் அகப்படலை. எல்லாரும் மேல அரங்கத்துல உட்கார்ந்திருக்காங்க, உங்களுக்குக் கை தட்ட. இப்ப இந்தப் பொண்ணையும் கறுப்புப் பக்கம் எழுதினா ரெண்டு குறையும். கேடயத்துல வேற எழுதிட்டாங்க."

மூவரும் கொஞ்ச நேரம் குன்றின் உச்சியைப் பார்த்தார்கள்.

"விதியில என்ன சார் இருக்கு?" என்றார் லுபின்ஸ்கி மெதுவாக. "ஓட்டுறவங்க யாருங்கிறது முக்கியமில்லை. என் கண்ணுக்கு எப்படித் தோணுதுங்கிறதுதான். வெயில் வேற கண்ணுல அடிக்குது."

ரோஸ்கோ யோசித்தார். எண் கெட்டால் கேடயம் போகும். கேடயம் போனால் ஆணையம் போகும், ஆணையத்தோடு இத்தனை மாத உழைப்பும் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, எண் ஒன்றாக இல்லாவிட்டால் தன் வாக்குப்படி மகளிடமிருந்து இந்தச் சாவியை இங்கேயே, இப்போதே திரும்ப வாங்க வேண்டும். அவளுக்காகத்தானே இதெல்லாம் என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டார், தானே ஆமாம் என்றும் சொல்லிக்கொண்டார்.

"எழுதுங்க" என்றார்.

"என்னன்னு?"

"உங்க கண்ணுக்குத் தோணினபடி."

கியேரா தலையைத் திருப்பவில்லை. "அப்பா?"

"இன்னைக்கு ஒரு நாள்தான் கண்ணு."

லுபின்ஸ்கி கட்டத்தைத் தொட்டார். டேப்லெட் பச்சை காட்டியது. இரண்டு பக்கமும் சமமாயின. அவர் பெருமூச்சு விட்டு அடுத்த கட்டத்துக்குப் போனார், போய் விழித்தார்.

"நிறுத்தின காரணம்னு கேக்குது. ‘பகுதிக்குப் பொருந்தாத நபர்’னு வழக்கமா போடுவேன். இப்ப ஏத்துக்க மாட்டேங்குது. வெள்ளைக்காரப் பொண்ணு மேப்பிள் குன்றுக்குப் பொருந்தாம எப்படிப் போவான்னு கேக்குது."

"பின்விளக்கு?" என்றார் ரோஸ்கோ.

லுபின்ஸ்கி போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "நல்லா எரியுது சார். இந்தக் குன்றுல முழுசா எரியுற விளக்கு இது ஒண்ணுதான்."

"வேகம்?"

"எல்லைக்குக் கீழ. ரொம்ப நல்லா ஓட்டினாங்க. சும்மா ஏதாவது போட்டுடட்டுமா?"

ரோஸ்கோ நிமிர்ந்தார். "பொய்யா எதையும் பதிவுல ஏத்தக் கூடாது ஆபீசர். நாளைக்கு இதை வெச்சு ஆராய்ச்சி பண்ணுவாங்க."

கியேரா முன்னால் பார்த்தபடியே, கைகளை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காமல், தெளிவாகச் சொன்னாள்.

"அப்ப உண்மையையே எழுதுங்க ஆபீசர். வண்டியில ஒரு வெள்ளைக்காரச் சின்னப் பொண்ணு. பக்கத்துல கறுப்புக் கோட்டுப் போட்ட பெரிய கறுப்பர் ஒருத்தர் உட்கார்ந்திருக்கார். வேர்க்குது அவருக்கு. கை வேற நடுங்குது."

லுபின்ஸ்கி குனிந்து ரோஸ்கோவைப் பார்த்தார். புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். சொன்னதெல்லாம் அப்படியே இருந்தது. தட்டினார். டேப்லெட் அதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டு, அடுத்து செய்ய வேண்டியதையும் காட்டியது.

"சார்... மனசுல வெச்சுக்காதீங்க. உங்களை இறங்கி ஓரமா உட்காரச் சொல்லுது."

"அவ என் பொண்ணு."

"பதிவுப்படி இல்லை சார்." லுபின்ஸ்கி கியேரா பக்கம் திரும்பினார். குரலில் மிட்டாய் வந்துவிட்டது. "மேடம், நீங்க நல்லா இருக்கீங்களா? இவரை உங்களுக்குத் தெரியுமா?"

கியேரா அப்போதுதான் தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, கோபமும் இருந்தது. அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். ரோஸ்கோ அரங்கத்தின் பக்கம் ஒரு தடவை பார்த்தார், டேப்லெட்டைப் பார்த்தார்.

"எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கு" என்றாள் கியேரா.

ரோஸ்கோ இறங்கினார். நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்கால் மேல், தெரியும்படி வைத்துக்கொண்டார். லுபின்ஸ்கி கியேராவுக்கு ஒரு புதினா மிட்டாயைக் கொடுத்து, பத்திரமாகப் போய்வரச் சொன்னார். அவள் கண்ணாடி பார்த்தாள், விளக்குப் போட்டாள், சாலையில் ஏறினாள். அந்தக் காரை இன்று இனி எவரும் தொடமாட்டார்கள். தன் பெண் நிம்மதியாகக் கார் ஓட்ட வேண்டும் என்றுதான் அவர் ஆசைப்பட்டார், அவள் நிம்மதியாகப் போனாள். அவர் அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சு வலித்தது. பத்துக்கு எவ்வளவு என்று கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

"விசாரணை முடிய நேரமாகும் சார். விழாவையாவது பாருங்க" என்று லுபின்ஸ்கி தன் போனை நீட்டி நேரலையைப் போட்டார். மேயர் அம்மையார் மேடையில் நின்றிருந்தார். பரிசு பெறுபவர் தவிர்க்க முடியாத காரணத்தால் தாமதம் என்றார். பிறகு உறையைப் பிரித்து, செப்டம்பர் மாத எண்ணைப் படித்தார். ஒன்று.

அரங்கம் எழுந்து நின்றது. மெரெடித் அம்மையார் அழுதுகொண்டே கை தட்டினார். டிட்மர் கை தட்டினார். போலீஸ் தலைவர் தட்டினார். இருபது வருஷக் கணக்கு, சரியாக வந்த கணக்கு. ரோஸ்கோவுக்கும் உள்ளங்கை அரித்தது.

"ஆபீசர்" என்றார். "நானும் கை தட்டிக்கலாமா?"

லுபின்ஸ்கி யோசித்துப் பார்த்தார்.

"தட்டுங்க சார். மெதுவா. என் கண்ணுக்குத் தெரியுற மாதிரி."